எங்கள் கட்டடத்தில் குழந்தைகள் இல்லை

போன வாரம் ஒரு மாலை. அழைப்பு மணி அடித்தது. கதவுத் துவாரம் வழியாகப் பார்த்தால், கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஃபைலோடு இரண்டு பேர். பலதியா! எங்கள் வளைகுடா ஊரான ஃபஹாஹீலில் நகராட்சிக்கு அதுதான் பெயர்.

நகராட்சி வந்தால் எங்களுக்கு என்ன? இரண்டு பெட்ரூம் ஃப்ளாட்டில் இரண்டு குடும்பம் ஷேரிங். எங்களுக்கு ஓர் அறை, கும்பகோணத்துக் கல்யாணி குடும்பத்துக்கு ஓர் அறை. சட்டப்படி அது கூடாது. மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் இருக்கத்தானே செய்யும்?

கல்யாணி மின்னல் வேகம். என் பெண்ணையும் அவளுடைய இரட்டைப் பிள்ளைகளையும் உள்ளே தள்ளி, "மூச்சு விடக்கூடாது!" என்று அறையைச் சாத்தினாள். நான் வாசல் கதவைத் திறந்தேன்.

ஒருவர் அரபு அதிகாரி. மற்றவர் மலையாளி உதவியாளர். அவர்தான் கேட்டார்: "சேச்சி, இவிடெ குட்டிகள் எத்ர பேருண்டு?"

"குட்டிகளா? மாஃபி! ஒண்ணுகூட இல்லை."

அவர் வாசலில் கிடந்த மூன்று ஜோடி குட்டிச் செருப்புகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எதையோ எழுதிக்கொண்டு மாடியேறினார்.

நேற்று மளிகைக் கடையில் அதே மலையாளி. தப்பித்த தைரியத்தில், "அன்னிக்கு எதுக்கு வந்தீங்க?" என்று கேட்டுவைத்தேன்.

"குட்டிகளுக்குக் களிக்கான், அதான் விளையாட, ஸ்தலமுண்டோன்னு சர்வே, சேச்சி. குட்டிகள் அதிகம் உள்ள தெருவுக்கு பார்க் வரும். உங்க பில்டிங்ல ஆறு மாடியிலும் ஒரு குட்டியில்லல்லோ! பார்க் அடுத்த பிளாக்குக்குப் போயி."

ஆறு மாடியிலுமா? ஆக, எல்லா வீட்டிலும் ஒரு கல்யாணி இருந்திருக்கிறாள்!

சிரிப்பு வந்தது. கூடவே வெட்கமாகவும் இருந்தது. 'நம்மை யார் வந்து கேட்கிறார்கள்?' என்று ஊரில் அலுத்துக்கொண்டவள் நான். இங்கே வீடு தேடி வந்து கேட்டார்கள்... பிள்ளைகளை ஒளித்துவைத்துவிட்டோம்.

"போய் உண்மையைச் சொல்லிடலாமா?" என்றேன் கல்யாணியிடம்.

"சொல்லிட்டு எங்கக்கா குடியிருக்கிறது?"

நியாயமான கேள்விதான். பால்கனிக்குப் போனேன். கீழே பார்க்கிங்கில், கார்களுக்கு நடுவே கிரிக்கெட். ஒரு பிக்கப் ரிவர்ஸில் வந்துகொண்டிருந்தது.

"வண்டி வருது! ஓரமாப் போங்க!" என்று அலறினேன்.

யாரைப் பார்த்து என்கிறீர்களா? அதைக் கேட்காதீர்கள்... எங்கள் கட்டடத்தில்தான் குழந்தைகளே இல்லையே!