கீழே விழுந்த ரொட்டி

அந்த ரொட்டி அப்பளத்தைவிடக் கொஞ்சம்தான் கனமாக இருக்கும். கவிழ்த்துப் போட்ட இரும்புச் சட்டியின் முதுகில் சுட்டெடுப்பது. வளைகுடா நாட்டு ஓட்டல் ஒன்றில் நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டரை மாதம் ஆகியிருந்த ஒரு வெள்ளிக்கிழமை மதியம், கையிலிருந்த தட்டு சரிந்து அதில் ஒன்று கீழே விழுந்தது. என் ஷூ அதன்மேல் பட்டுவிட்டது. யோசிக்கவே இல்லை. குனிந்து எடுத்தேன், இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டேன். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஐயம்பேட்டை வீட்டில் சாப்பாட்டில் கால் பட்டால் இதைத்தானே செய்வோம்? ஆனால் அது, சமையலறையைக் கண்ணாடி வழியாக வாடிக்கையாளர்கள் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிற ஓட்டல்.

லெபனான், சிரியா வீடுகளில் காலங்காலமாகச் செய்கிற சாப்பாட்டைப் புது மாதிரி ஆக்கித் தருவதற்கு அந்த ஓட்டல் பேர்போனது. கொண்டைக்கடலையும் எள்ளும் அரைத்துச் செய்கிற ஹம்முஸ், காஸ் அடைத்த குப்பியிலிருந்து நுரையாக வரும். மாதுளைச் சாறு மணி மணியாகத் தட்டில் உருளும். முதல் நாள் பார்த்தபோது, 'இன்னாடா இது, இதுல வயிறு ரொம்புமா?' என்று மனசுக்குள் சிரித்தேன். எங்கள் தலைமைச் சமையல்காரர் லெபனான்காரப் பெண்மணி, ஐம்பது வயதிருக்கும். செஃப் என்றுதான் கூப்பிடுவோம். எதை நீட்டினாலும் கண்ணை மூடிக்கொண்டு ருசி பார்ப்பார். "கண்ண மூடினா எங்கம்மா கை தெரியணும். தெரியலைன்னா இது வெறும் சோப்பு நுரை" என்று அரைகுறை இந்தியில் சொல்வார். அந்த ஒரு பேச்சுக்கே நான் அவரிடம் விழுந்துவிட்டேன்.

கண்ணாடிக்குப் பக்கத்து மேஜைக்காரர் எழுந்து நின்று கத்தினார். கீழே விழுந்ததை முகத்தில் தேய்க்கிறான், அதைத்தான் எங்களுக்குப் போடப் போகிறானா என்று. மேனேஜர் ஓடி வந்தார். முதல் ஆறு மாதத்துக்குள் என்றால் காரணமே சொல்லாமல் ஊருக்கு அனுப்பிவிடலாம். அதற்கு முன்பே ஒருமுறை வெளிநாடு போய் ஒரே மாதத்தில் திரும்பி வந்தவன் நான். கிளம்பும்போதே அக்கா சொல்லியிருந்தாள்: "மறுபடியும் பெட்டிய தூக்கினு வந்து நிக்காதப்பா. என் மாமியார் வூட்ல தலை காட்ட முடியல." ஆனாலும் ரொட்டியைக் குப்பையில் போட மனசு வரவில்லை.

செஃப் வந்தார். என் கையிலிருந்து ரொட்டியை வாங்கி முத்தமிட்டார், நெற்றியில் வைத்தார், ஜன்னலைத் திறந்து வெளி விளிம்பில் பறவைகளுக்கென்று போட்டார். அடேயப்பா, இவர்கள் ஊரிலும் இப்படித்தானா! பிறகு அந்த மேஜைக்குப் போய், அந்த ரொட்டி யார் தட்டுக்கும் வராது, எங்கள் வீட்டிலும் விழுந்த ரொட்டிக்கு இதுதான் மரியாதை என்று சொன்னார். கத்தியவர் உருகிப்போய்க் கைதட்டினார். பக்கத்து மேஜைகளும் தட்டின.

மேனேஜருக்கு அங்கேதான் புத்தி வேலை செய்தது. "நல்லா இருக்கே! தினமும் ஒவ்வொரு மேஜைக்கு முன்னாலயும் ஒரு ரொட்டிய போட்டு இவன் இதையே செய்யட்டும். புகார நான் மறந்துடறேன்" என்றார். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் செஃப் சொன்னார்: "ஹம்முஸ நுரையாக்கச் சொன்னே, ஆக்கினேன். இத வேடிக்கையாக்க மாட்டேன். இவன அனுப்பினா எனக்கும் சேர்த்து டிக்கெட் போடு." மேனேஜர் கல்லாப் பக்கம் திரும்பி நடந்தார். செஃப் என் பக்கம் திரும்பி, "தட்ட ஒழுங்கா பிடி, கழுதை" என்றார்.

அங்கே ஆறு வருஷம் இருந்தேன். இப்போது பெரிய காஞ்சிபுரத்தில் ஆறு மேஜை போட்டுச் சொந்தமாக நடத்துகிறேன். கோயில் இட்லிக்குப் போடுகிற சுக்கும் மிளகும் சீரகமும் என் ஹம்முஸ் நுரையில் இருக்கும். கல்யாணப் பட்டு எடுக்க வருகிறவர்கள், "இன்னாபா, துவையல் பொங்கி வழியுது" என்று கேலி செய்துகொண்டே தட்டை வழித்துவிட்டுப் போகிறார்கள். இன்று நான் தின்கிற சோறு செஃப் போட்டது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமே இல்லை.

வெட்கம் வேறொன்றில் இருந்தது. அன்றைக்கு நான் மேனேஜரிடம் மறுத்துப் பேசத்தான் வாயைத் திறந்தேன் என்று கூட வேலை செய்தவர்கள் எல்லாம் நம்பினார்கள். நானும் திருத்தவில்லை. போன வாரம் செஃப்புக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன்: "செஃப், அன்னிக்கு நான் சரின்னு சொல்லத்தான் வாயத் திறந்தேன்."

அந்தப் பக்கம் சிரிப்பு கேட்டது.

"தெரியும்டா. அதனாலதான் நான் முந்திக்கிட்டேன்."