சந்தனப் பொட்டு வைத்த இசைத்தட்டு

"பாட்டுக் கேக்கிறதுக்கும் ஒரு டிகிரி வேணுமோ?"

நகரத்தின் மறுகோடியில் உள்ள ஹரோவிலிருந்து வந்திருந்த பெரியம்மா இதைக் கேட்டபோது அவர் வாயில் பொரித்த இறைச்சி ரோல்ஸ் பாதி இருந்தது. நான் இசை வரலாற்றில் பட்டம் முடித்து, ஒரு நூலகத்தின் இசைப் பிரிவில் ஆறு மாதப் பயிற்சி வேலைக்குச் சேர்ந்திருந்த நேரம் அது.

"வேணும் பெரியம்மா. சும்மா கேட்டால் சம்பளம் தரமாட்டினம்" என்றேன்.

மீதி ரோல்ஸையும் விழுங்கிவிட்டு, "ஆறு மாசத்துக்குப் பிறகும் தருவினமோ?" என்றார்.

அது எனக்கும் தெரியாது. பயிற்சி முடியும் வாரத்தில், ஒரு சனிக்கிழமை பிற்பகல், நான் ஒரு இசைத்தட்டைத் தேர்ந்து பொதுமக்களுக்குப் போட்டுக்காட்டி, அதைப் பற்றிப் பேச வேண்டும். அதைப் பார்த்த பிறகுதான் நிரந்தர வேலையா, வீட்டுக்குப் போவதா என்று எங்கள் பிரிவின் பொறுப்பாளர் முடிவெடுப்பார்.

எங்கள் வீட்டில் பள்ளிப் படிப்பை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அப்பாவின் படிப்பு ஊரில் போர் வந்து இடம்பெயர்ந்ததோடு ஒன்பதாம் வகுப்பில் நின்றது; அம்மாவுடையது அதற்கும் முன்னால். சட்டன் என்ற ஆங்கிலேயப் புறநகரில் உள்ள எங்கள் சின்ன வீட்டில் என் பட்டமளிப்புப் படம் மூன்று இடங்களில் தொங்குகிறது. அதில் ஒன்று கழிப்பறைக்குப் போகும் வழியில். எந்த விருந்தாளியும் அதைப் பார்க்காமல் தப்ப முடியாது. வேலை போனால் அந்த மூன்று படங்களையும் நான் எப்படிக் கடந்து நடப்பேன் என்பதுதான் என் கவலை.

நான் தேர்ந்தெடுத்தது ஒரு அமெரிக்கக் கறுப்பினப் பாடகியின், சோல் என்னும் உருக்கமான பாட்டு வகை இசைத்தட்டு. அம்மா பிறப்பதற்கு முன்பே வெளிவந்தது. பாடகி சிறு வயதில் தேவாலயத்தில் பாடிப் பழகியவர். அதனால் காதலனைத் திட்டும்போதுகூட, மேலே இருக்கும் யாரிடமோ முறையிடுவதுபோல அவர் குரல் எழும். பின்னால் நிற்கும் பெண்கள், "சொல்லு, அவனுக்கு நல்லாச் சொல்லு" என்பதுபோல ஆமோதித்துப் பாடுவார்கள்.

பாட்டெல்லாம் என் கைபேசியில் இருந்தது. ஆனால் ஊசியைத் தட்டில் கையால் இறக்கிப் பழக வேண்டும். அதற்காக அப்பா ஒரு பழைய ரெக்கோர்ட் பிளேயரை வாங்கி வந்தார். நூலகத்தின் தட்டையே பொறுப்பாளர் எனக்கு இரவல் தந்தார். "என் அம்மா என்னை அடித்த நாட்களிலும் இதைத்தான் போட்டார், அணைத்த நாட்களிலும் இதைத்தான் போட்டார். கவனம்" என்றார். அவருடைய பெற்றோர் ஜமைக்காவிலிருந்து வந்தவர்கள்.

வியாழன் மாலை தட்டை பிளேயரில் வைத்துப் பழகிவிட்டு, அப்படியே விட்டுவிட்டேன். அது என் பிழை.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்து ஊசியை இறக்கினேன். முதல் பாட்டு நன்றாகப் போனது. இரண்டாவதில் பாடகி உயரப் போகத் தொடங்கி, பாதியில் திரும்பி வந்தார். மறுபடி ஏறினார், மறுபடி வந்தார். பஸ்ஸின் மேல்தட்டுக்கு ஏறும்போது டிரைவர் பிரேக் போட்டால் நாம் படியில் படும் பாடு அது.

பஸ் ஓட்டும் என் அப்பா சோபாவில் இருந்தபடி, "மூச்சே விடாமல் பாடுறா. கெட்டிக்காரி" என்றார்.

குனிந்து பார்த்தேன். தட்டின் மெல்லிய கோடுகளுக்கு மேலே, காய்ந்துபோன சந்தனப் பொட்டு ஒன்று. அதன் நடுவில் குங்குமம்.

"அம்மா, இதென்ன?"

"வீட்டுக்குப் புதுச் சாமான் வந்தால் வைக்கிறதுதானே. வாஷிங் மெஷினுக்கு வைச்சன், உன்ர லப்டொப்புக்கு வைச்சன். அப்ப ஒண்டும் சொல்லேல்லை."

"பிளேயருக்கு வைச்சால் பரவாயில்லை. ஏன் தட்டுக்கு வைச்சனீங்கள்?"

"பிளேயருக்கும் வைச்சனான். அதுக்கு மேலை இது வட்டமா வடிவா இருந்தது. அதோடை, அந்தப் பிள்ளை கோயில்ல பாடினவ எண்டு நீதானே சொன்னனீ."

அது அம்மா பிறக்கும் முன்னரே பாடிய பிள்ளை.

பிறகு நடந்தது ஒரு மருத்துவ ஆலோசனைக் கூட்டம். பழப்புளி போட்டுத் தேய்த்தால் குத்துவிளக்குப் போலப் பளபளக்கும் என்றார் அம்மா. பஸ் கண்ணாடி துடைக்கும் திரவம் கொஞ்சம் இருக்கிறது என்றார் அப்பா. காய்ச்சி வடித்த தண்ணீரும் மிக மெல்லிய தூரிகையும் போதும் என்றேன் நான். பற்றரிக்கு ஊற்றும் அந்தத் தண்ணீர் காரில் இருந்தது. தூரிகைக்கு அப்பா சிறிது தயங்கிவிட்டு மாடிக்குப் போய், ஒரு பெட்டியோடு இறங்கி வந்தார். மீசைக்குச் சாயம் பூசும் புதுத் தூரிகை.

அம்மா தூரிகையைப் பார்த்தார். பிறகு மீசையைப் பார்த்தார். "இது பரம்பரைக் கறுப்பு எண்டு சொன்னது?"

"முதல்ல தட்டைப் பாப்பம்" என்றார் அப்பா.

ஒரு மணி நேரத்தில் பொட்டு போனது. பாடகி உச்சி வரை ஏறினார். இனி இந்தப் பக்கத்தைத் தொடவே கூடாது என்று அம்மாவிடம் மூன்று தரம் சொன்னேன். "ஓம், விளங்குது" என்றார் மூன்று தரமும்.

சனிக்கிழமை மூன்று மணிக்கு நூலக அறையில் இருபத்தாறு பேர் இருந்தார்கள். இரண்டாம் வரிசையில் அம்மா, தன் கல்யாணக் கூறைச் சேலையில். பக்கத்தில் அப்பா. நான் பதினான்கு பக்கம் எழுதி வைத்திருந்ததில் பாதியை வாசித்தேன். தட்டின் முதல் பக்கத்தைப் போட்டேன். ஊசி சரியான கோட்டில் இறங்கியது. ஒருவர் கொட்டாவி விட்டார். அது என் கட்டுரைக்கு, பாட்டுக்கு அல்ல என்பது எனக்கே தெரிந்தது. பிறகு தட்டைத் தூக்கி மறுபக்கம் திருப்பினேன்.

புதுப் பொட்டு. இன்னும் ஈரம்கூட முழுதாகக் காயவில்லை.

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா இருந்த இடத்திலிருந்தே, "அந்தப் பக்கத்திலைதானே வைக்க வேண்டாம் எண்டனீ. இங்கை வர முன்னம் இந்தப் பக்கத்துக்கு வைச்சனான்" என்றார்.

முன்வரிசையில் இருந்த ஒரு முதியவர், "அது என்ன அடையாளம்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா தன் ஆங்கிலத்தில் பதில் சொன்னார்.

"விபத்து வராமல் இருக்க."

"ஆனால் விபத்து வந்துவிட்டதே?"

"சின்னது வந்தது. பெரியது போய்விட்டது."

அறை முழுவதும் சிரித்தது. பொறுப்பாளர் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து வந்து தட்டை என் கையிலிருந்து வாங்கினார், பொட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கழுவ எனக்குக் கால் மணி நேரம் வேண்டும். அதுவரை இவர்களை இங்கேயே வைத்திரு" என்று உள்ளே போனார்.

பதினான்கு பக்கத்தில் மீதி இருந்தது முழுவதும் மறுபக்கத்துப் பாட்டுகளைப் பற்றியது. தட்டு இல்லாமல் அதை வாசிப்பது சாப்பாடு இல்லாமல் உப்பைப் பரிமாறுவதுபோல் இருக்கும். தாள்களைக் கீழே வைத்துவிட்டு வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொன்னேன். பாடகி படியேறி இறங்கியதைப் பாடிக் காட்டினேன். பின்னால் நிற்கும் பெண்களின் வேலை என்ன என்று காட்ட, அறையை இரண்டாகப் பிரித்தேன். நான் ஒரு வரி முறையிட, இடப்பக்கம் "அப்படியா" என்று கேட்க, வலப்பக்கம் "விடாதே" என்று சொல்ல வேண்டும். கொட்டாவி விட்டவர் "விடாதே" என்று மேசையில் அடித்தார். அப்பாவுக்குத் தாளம் பிடிபடவில்லை, ஆனாலும் நிறுத்தவில்லை. மீசைக் கதையை மட்டும் நான் சொல்லவில்லை. அதை அம்மா நிகழ்ச்சி முடிந்ததும் தனியாக எல்லோருக்கும் சொல்லிவிட்டார்.

பொறுப்பாளர் தட்டோடு திரும்பி வந்து, கதவருகே சிறிது நேரம் நின்றார். பிறகு வலப்பக்கத்தோடு சேர்ந்துகொண்டார். தட்டின் மறுபக்கத்தை அதன் பிறகுதான் போட்டோம்.

திங்கட்கிழமை அவர் என்னைக் கூப்பிட்டார். நூலகத்தின் தட்டு எதுவும் இனி என் வீட்டுக்குப் போகாது என்றார் முதலில். நிரந்தர வேலைக்கான கடிதத்தை நீட்டினார் பிறகு. அந்தப் பதினான்கு பக்கம் மிக மோசம், கால் மணி நேரம் மிக நன்று என்றார். மாதம் ஒரு சனிக்கிழமை இப்படி நடத்த முடியுமா என்று கேட்டார். அவர் கேட்டு முடிப்பதற்குள் ஓம் என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன்.

அன்று மத்தியானமே அறையைப் பதியும் படிவத்தை நிரப்பினேன். ஆட்கள் இருக்க எத்தனை கதிரைகள் வேண்டும் என்று கேட்டிருந்தது. முப்பது என்று எழுதினேன். அதை வெட்டிவிட்டு அறுபது என்று எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன்.