லேமினேஷன் போட்ட எண்

தேனாம்பேட்டையில் ஒரு மாடியில் உட்கார்ந்து கட்சிக்காரர்களுக்கு வெப்சைட் செய்துகொடுத்துப் பிழைத்தவன் நான். தேர்தல் வந்தால் எங்களுக்குத் தீபாவளி. வேட்பாளர் கைகூப்பி நிற்கும் படம், அதற்குக் கீழே சாதனைப் பட்டியல், கடைசியில் 'உங்கள் குறையைச் சொல்லுங்கள்' என்று ஒரு படிவம். அந்தப் படிவம் என் கைவேலை.

"குறையை எவன்யா படிக்கப் போறான்? பேரு, போன் நம்பர், வார்டு, இது மூணும் வந்தா போதும்" என்றார் மேனேஜர். அப்படியே செய்தேன். குறை எழுதும் பெட்டியில் எதைத் தட்டினாலும் அது எங்கேயும் சேராது. ஆனால் அனுப்பிய மறுநிமிஷம் போனுக்கு ஒரு செய்தி வரும்: 'உங்கள் குறை பதிவு செய்யப்பட்டது.' கூடவே ஓர் எண். முதல் ஆளுக்கே ஐந்து இலக்கத்தில் எண் விழும்படி வைத்தேன். ஊரே திரண்டு வந்து முறையிட்டது போலத் தெரியுமாம். அந்த யோசனைக்கு ஆபீசில் கைதட்டல் வேறு.

ராஜா அண்ணாமலைபுரத்தில் எங்கள் தெருமுனையில் ஓர் அம்மா இஸ்திரி வண்டி வைத்திருந்தார். வீடு அடையாற்றங்கரையில். கரையைக் காலி செய்யப் போகிறார்கள், பட்டியலில் பேர் இருந்தால்தான் மாற்று வீடு என்று பேச்சாக இருந்தது. கணக்கெடுக்க வந்த அன்று அவர் மகளின் பிரசவத்துக்காக ஆஸ்பத்திரியில் இருந்தார். வீடு பூட்டியிருந்ததால் பேர் விட்டுப்போயிற்று. விட்டுப்போனவர்கள் கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்க ஒரு கெடு வைத்திருந்தார்கள்.

ஒரு காலை சட்டை வாங்கப் போனேன். அவர் போஸ்டரில் எங்கள் வெப்சைட்டைப் பார்த்திருந்தார்.

"சார், அதுல எழுதினா மனு குடுத்த மாதிரிதானே? நீ அங்கதானே வேலை செய்யற. எனக்கு ஒண்ணு போட்டுக் குடு சார்."

சொல்லியிருக்கலாம். 'அது சும்மாம்மா, கலெக்டர் ஆபீசுக்குப் போங்க.' அவ்வளவுதான். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. தவிர, நான் செய்ததை நானே சும்மா என்று சொல்ல வாய் வரவில்லை. பிரசவம், பூட்டிய வீடு, விட்டுப்போன பேர் என்று அவர் சொல்லச் சொல்லத் தட்டினேன், எங்கேயும் போய்ச் சேராது என்று தெரிந்தே. எண் வந்தது.

மறுநாள் அந்த எண் வண்டியில் சாமி படத்துக்குப் பக்கத்தில் தொங்கியது. ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து லேமினேஷன் போட்டிருந்தார். ரேஷன் கார்டு முதல் ஆஸ்பத்திரிச் சீட்டு வரை எல்லாவற்றையும் அப்படித்தான் காப்பாற்றுவார்.

"நம்பரு கீது சார். இனிமே இன்னா பயம்?"

கெடு முடிய இன்னும் நாலு நாள் இருந்தது. அன்றும் நான் வாயைத் திறக்கவில்லை. கோழை, வேறென்ன? அவரைப் போலவே பேர் விட்டுப்போன அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் மனுவோடு கிளம்பியபோது, "நான் கம்ப்யூட்டர்லயே போட்டுட்டேன்" என்று பெருமையாகச் சொல்லி அவர் துணி தேய்க்கப் போய்விட்டாராம்.

தேர்தல் முடிந்தது. எங்கள் வேட்பாளர் ஜெயித்தார், ஆபீசில் கேக் வெட்டினோம். பிறகு ஆற்றங்கரைக்கு வீடுகளை இடிக்கப் பொக்லைன் வந்தது. மனு கொடுத்த ரசீது எங்கே என்று கேட்ட அதிகாரியிடம் இவர் அந்த அட்டையை நீட்டியிருக்கிறார். "இது கட்சி விளம்பரம்மா" என்று அவர் திருப்பிக் கொடுத்துவிட்டார். கலெக்டர் ஆபீஸ் வரிசையில் நின்று மனு கொடுத்தவர்களுக்கெல்லாம் வீடு கிடைத்தது. இவருக்கு இல்லை. வண்டியும் தெருமுனையிலிருந்து காணாமல் போயிற்று.

போன பொங்கல் கழிந்து மாம்பலம் ஸ்டேஷனில் அவரைப் பார்த்தேன். தங்கச்சி வீட்டில் ஒண்டிக்கொண்டிருக்கிறாராம். திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. முகமெல்லாம் சிரிப்பு.

"சார், அவரே எனக்கு போன் பண்ணாரு! பேரச் சொல்லி பொங்கல் வாழ்த்து சொன்னாரு. என்ன மறக்கல சார்."

அது பதிவு செய்த குரல்; நடுவில் பேரைச் செருகுவது கம்ப்யூட்டர். ஜெயித்தவர் யாருக்கும் போன் போடவில்லை. பேரும் நம்பரும் என் படிவம் சேமித்துக் கொடுத்தவை.

"நான் வூட்டு விஷயத்த சொல்லிக்கினே இருந்தேன், கட்டாயிடுச்சு. அடுத்த வாட்டி பண்ணா சட்டுனு சொல்ற மாதிரி ரெண்டு வரியில எழுதிக் குடு சார்."

ரயில் வந்துகொண்டிருந்தது. பேனாவை எடுத்து எழுதிக் கொடுத்தேன். வாங்கி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, இதற்கும் லேமினேஷன் போட்டுவிடுகிறேன் என்றார்.