எட்டாம் பக்கத்தில் மூச்சு இல்லை

1. திரும்பி வந்த ரெக்கார்டுகள்

இரண்டாம் உலகச் சண்டை முடிந்த மறு வருஷம், புதிதாக வந்த ஒரு ரெக்கார்டு செட்டை ஒரே வாரத்தில் மூன்று பேர் திருப்பிக் கொண்டுவந்தார்கள். கீறல் இல்லை, வளைவு இல்லை. “எட்டாவது பக்கத்தப் போட்டா பிள்ளைக பயப்படுது” என்றார்கள்.

நான் தூத்துக்குடி கடற்கரை ரோட்டில் பொன்னையா அண்ணாச்சியின் கிராமபோன் கடையில் மெக்கானிக். ஸ்பிரிங் மாற்றுவதும் தட்டின் வேகத்தைக் கட்டுப்படுத்துகிற கவர்னருக்கு எண்ணெய் விடுவதும் ஊசி மாட்டுகிற சவுண்ட் பாக்ஸைக் கழற்றி மாட்டுவதும் என் வேலை. உப்புக்காற்று ஊர் என்பதால் கை சும்மா இருக்காது.

அந்த செட், மாஸ்டர் சந்திரவேலுவின் ஆல்பம். பதினைந்து வயது. பாய்ஸ் நாடகக் கம்பெனியில் ராஜபார்ட். அவனைப் போல கிராப்பு வைத்துக்கொள்ளாத பள்ளிக்கூடப் பையன் அப்போது ஊரில் இல்லை. தடித்த அட்டைக்குள் நாலு ரெக்கார்டு, எட்டுப் பக்கம். அட்டையில் அவன் படம்.

சென்னையில் ஒரு வாரப் பத்திரிகை விமர்சனம் எழுதியிருந்தது. ஏழு பக்கங்களையும் கெட்டிக்காரப் பிள்ளையின் பாட்டு என்று புகழ்ந்துவிட்டு, எட்டாவதைப் பற்றி மட்டும் ஒரு மாதிரி எழுதியிருந்தார்கள். இனிமைக்குக் குறைவில்லை, ஆனால் பாடியவன் ஓர் இடத்தில்கூட மூச்சு எடுக்கவில்லை, கேட்டு முடித்ததும் அறையை விட்டு வெளியே போகத் தோன்றியது என்று. விமர்சனம் படித்த பிறகு எல்லோருக்கும் எட்டாம் பக்கம்தான் வேண்டியிருந்தது.

2. மிக்கேல் அண்ணாச்சி

தருவைகுளத்து மிக்கேல் சங்கு குளிப்பவர். முத்துக்குளிப்பு நடக்கிற வருஷங்களில் அதற்கும் போவார். ஒரு நாள் காலையில் வந்து, “ஏலே, அந்த மூச்சு விடாத பாட்ட வையி பாப்போம்” என்றார்.

சாவி கொடுத்து ஊசியை வைத்தேன். மிக்கேல் நெஞ்சு நிறைய இழுத்து மூச்சை அடக்கிக்கொண்டார். கண் அசையவில்லை. பாட்டு பாதி ஓடியது. அவர் கழுத்து நரம்பு புடைத்தது. முக்கால்வாசிக்கு வரும் முன்பே மேஜையைப் பிடித்துக்கொண்டு மூச்சை விட்டார். பாட்டு அப்படியே போய்க்கொண்டிருந்தது.

“நிறுத்துல” என்றார். நெஞ்சில் சிலுவைக்குறி போட்டுக்கொண்டார். “இருபது வருசமா தண்ணிக்குள்ள போறேன். உசுரோட இருக்கவன் இப்பிடிப் பாட மாட்டான்.”

பட்டப்பகல். வெளியே மாட்டுவண்டிகள் பஞ்சு மூட்டையோடு துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. நான் ரெக்கார்டை எடுத்து உறையில் போட்டு மூடினேன்.

3. கண்ணாடிக்குப் பின்னால்

பத்து நாள் கழித்து சந்திரவேலுவே வந்தான். ரெக்கார்டு கம்பெனியின் ஏஜென்ட் ஒருவர் அவனை ஊர் ஊராக அழைத்துப் போனார். எங்கள் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் அவனை உட்கார வைத்து, பக்கத்தில் மெஷின் வைத்து, அதன் புனல் வாய் ஹாரனைத் தெருப்பக்கம் திருப்ப வேண்டும் என்பது ஏற்பாடு.

“வாயை மட்டும் அசைடா. வெளியில நிக்கிறவனுக்கு என்ன தெரியப்போவுது?” என்றார் ஏஜென்ட்.

பையன் என்னிடம் தண்ணீர் கேட்டான். தகரத்தைத் தரையில் இழுத்தது போன்ற குரல். அந்த வயசுக்குரிய மகரக்கட்டில் குரல் உடைந்துவிட்டிருந்தது. ஏஜென்ட் உதட்டில் விரல் வைத்து என்னைப் பார்த்தார்.

தெரு அடைத்துக் கூட்டம். முதல் ரெக்கார்டு ஓடியது. கைதட்டினார்கள். பிறகு, “எட்டு! எட்டு!” என்று கத்தத் தொடங்கினார்கள். நான் நாலாவது ரெக்கார்டை எடுத்ததும் பையன் என் மணிக்கட்டைப் பிடித்தான்.

“அண்ணே, அது மட்டும் வேண்டாம்ணே.”

ஏஜென்டைப் பார்த்தேன். பொன்னையா அண்ணாச்சியைப் பார்த்தேன். அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டார். ஊசியை வைத்தவன் நான்தான்.

முதல் அடிக்குப் பையன் வாய் அசைந்தது. இரண்டாம் அடிக்கு உதடு மூடியிருந்தது. பாட்டு நிற்கவில்லை. மூன்றாம் அடிக்கு அசைந்தான். நாலாவதுக்கு மூடினான். வெளியே சத்தம் அடங்கியது. கண்ணாடிக்குள் மூடிய வாயோடு ஒரு பையன் பாடுவதை அத்தனை பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். கடைசி அடி வந்ததும் அவன் எழுந்து ஹாரனுக்குள் முகத்தை வைத்து, “ராசு! ஏலே ராசு!” என்று கத்தினான்.

அந்தக் குரல் தெருவரை கேட்டது. யாரோ சிரித்தார்கள். அப்புறம் ஊளையிட்டார்கள். ஒரு கல் வந்து கண்ணாடியில் விழுந்தது. கூட்டத்திலிருந்த மிக்கேல் உள்ளே வந்து, கதவைச் சாத்தி, பையனைத் தன்னோடு அணைத்து உட்காரவைத்தார்.

4. அவன் சொன்னது

ராசு அவனுடைய தம்பி. பதினோரு வயது. ஸ்ரீவைகுண்டம் பக்கத்து வயக்காட்டு வீடு. ரெக்கார்டிங்கில் ஏழு பக்கம் பாடியதும் சந்திரவேலுவுக்குத் தொண்டை கட்டியது. துணைக்குப் போயிருந்த ராசுவை ஏஜென்ட் மைக் முன்னால் நிறுத்தினார். ஓர் அடி இவன், ஓர் அடி அவன். ஒருவன் பாடும்போது மற்றவன் மூச்சு எடுத்தான். குரல் இரண்டும் ஒன்றுபோல இருந்ததால் ஒருவருக்கும் தெரியவில்லை.

“மறுவாரம் காய்ச்சல்ல போயிட்டான். அட்டைல அவன் பேரும் இல்ல. வெளிய சொல்லக்கூடாதுன்னுட்டாக.”

“அப்ப அதான் மூச்சு கேக்கல” என்றார் மிக்கேல். அவர் முகம் தெளிந்தது. எனக்கும் நெஞ்சு லேசானது.

பையன் மட்டும் தலையை ஆட்டினான். “கடைசி அடி ராசு பாடணும். அவனுக்கு இருமல் வந்துட்டு. எனக்கும் சத்தம் எழும்பல. அத நாங்க ரெண்டு பேரும் பாடலண்ணே.”

பின்பாட்டுக்காரர் யாராவது எடுத்துக் கொடுத்திருப்பார் என்றேன். பின்பாட்டுக்காரர் யாரும் இல்லை என்றான். அந்தக் காலத்தில் பாடப் பாட, பாட்டை மெழுகுத் தட்டில் நேராக வெட்டுவார்கள். பிறகு ஒட்டுப்போட வழியில்லை. இது என் தொழில், எனக்குத் தெரியும். கடைசி அடி அந்த ரெக்கார்டில் முழுசாக இருக்கிறது. அதுவும் என் காதால் கேட்டது.

ரெக்கார்டை எடுத்துக்கொள் என்று நீட்டினேன். “அம்மா கேட்டா தாங்க மாட்டா” என்று வாங்க மறுத்துவிட்டான். ஏஜென்ட் தனியாக ரயில் ஏறினார். மிக்கேல்தான் பையனை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய் வீட்டில் விட்டுவிட்டு வந்தார். சந்திரவேலு அதன்பின் பாடவில்லை. வயல் வேலை பார்ப்பதாகக் கேள்விப்பட்டேன்.

விமர்சனம் எழுதிய அதே சென்னைப் பத்திரிகை மறுபடியும் எழுதியது. பையன் வாயசைத்து ஊரை ஏமாற்றினான் என்று அரைப் பக்கம். ராசுவைப் பற்றி ஒரு வரி இல்லை.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல ஒன்று உண்டு. சில வீடுகளில் மெஷினை ரிப்பேருக்குக் கொடுக்கும்போது அதன்மேல் ஒரு ரெக்கார்டு அப்படியே இருக்கும். அதில் யார் குரல் இருக்கிறதோ, நமக்குத் தெரியாது; அதை ஓட்டிப் பார்க்காதீர்கள். எடுத்து, துடைத்து, உறையில் போட்டு வையுங்கள். டெஸ்டிங்குக்கு உங்கள் சொந்த ரெக்கார்டைப் போடுங்கள். வீட்டுக்காரர் வந்ததும், போடலாமா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். வேண்டாம் என்றால், ஏன் என்று கேட்காதீர்கள்.