பவளவேணிக்குப் பதினாறாம் நாள்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு துக்க வீட்டுக்குப் போயிருந்தேன். செத்துப் போனது யார் தெரியுமா? நான் கொன்ற பெண்!

பதறாதீர்கள். கத்தி எடுக்கவில்லை, பேனாதான் எடுத்தேன். மூன்று பாகமாக நான் எழுதும் மாயாஜால நாவலின் இரண்டாம் பாகம் பொங்கலுக்குப் பிறகு புத்தகமாக வந்ததல்லவா? அதன் கடைசி அத்தியாயத்தில் பவளவேணி நெருப்புக் கிணற்றில் விழுந்து சாகிறாள். முதல் பாகம் முழுக்கப் பறக்கும் பாயில் ஏறி வந்து ஊரையே காப்பாற்றினவள் அவள். அவளைத் தீர்த்துக் கட்டினால் கதை சூடு பிடிக்கும் என்று நினைத்தேன்.

பிடித்தது. ஆனால் சூடு பட்டது எனக்கு!

முதலில் வீட்டில். கடைசிப் பக்கத்தை முடித்ததும் என் வீட்டுக்காரி புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏனுங்க, அந்தப் புள்ள உங்களை என்ன பண்ணுச்சுங்க?" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு மூன்று வேளையும் தட்டு வந்தது, பேச்சு வரவில்லை.

கொல்லங்கோடு கடைவீதியில் துணிக்கடை வைத்திருக்கும் மீரா ராவுத்தர் என் பழைய சிநேகிதர். முதல் பாகத்தைக் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் படித்துக் காட்டியவர். இப்போது என் தலையைக் கண்டதும், "வேட்டி கேளுங்க, தர்றேன். கதை மட்டும் எங்கிட்டப் பேசாதீங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். பாலக்காட்டு முத்திரை குத்திய ஒரு கார்டு வந்தது. கையெழுத்தில்லை, ஊரில்லை. ஒரே ஒரு வார்த்தை — 'கொலைகாரா!' தபால்காரர் அதைப் படித்துவிட்டுத்தான் கொடுத்தார். கொடுத்துவிட்டு, என் முகம் எப்படிப் போகிறது என்று பார்க்க நின்றார்.

இந்த லட்சணத்தில் மைத்துனரிடமிருந்து அழைப்பு வந்தது. அவருக்கு மாட்டுப்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் கிளார்க் வேலை. அங்கே தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளை லயம் என்பார்கள். சனிக்கிழமை ராத்திரிதோறும் லயத்து வாசலில் ஜனங்களை உட்கார வைத்து என் நாவலை உரக்கப் படிப்பவர் இவர்தான். 'எல்லோரும் உங்களைப் பார்க்க வேண்டும் என்கிறார்கள், உடனே வரவும்' என்று எழுதியிருந்தார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. மாலை மரியாதை, கைதட்டல்... எழுத்தாளன் புத்தி வேறெங்கே போகும்? சலவை ஜிப்பாவை எடுத்து மாட்டிக்கொண்டு, உடுமலைப்பேட்டை வழியாக பஸ் மாறி, மலையேறி, கடைசியில் எஸ்டேட் லாரியில் தொற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன்.

லயத்து வாசலில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். தலைவிரி கோலம். ஒருத்தி தோளில் ஒருத்தி கை போட்டு, மாரில் அடித்துக்கொண்டு அழுகை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வரக்கூடாத நேரத்தில் வந்துவிட்டோமே!

"யாரு மாப்ளே போயிட்டாங்க?" என்று மைத்துனர் காதில் கேட்டேன்.

அவர் தரையைப் பார்த்தார். "பவளவேணிங்க மாமா. கடைசி அத்தியாயம் படிச்சு இன்னைக்குப் பதினாறாம் நாளுங்க."

எனக்கு ஒரு கணம் சிரிப்பு வந்தது. நல்லவேளை, விழுங்கிவிட்டேன். வெளியே வந்திருந்தால் மலையிலிருந்து நான் முழுசாக இறங்கியிருக்க மாட்டேன்.

வேலைக்காரர்களுக்கு மேஸ்திரி மாதிரி இருக்கும் கங்காணி சுடலைமுத்து முன்னால் வந்தார். நரைத்த மீசை, தோளில் கம்பளி. "வாங்கய்யா. எழுதினவுக நீங்கதானா? 'அழ ஒரு நாதியில்லாமப் போய்ச் சேந்தா'ன்னு எழுதியிருக்கீகளே, அது நெசந்தானா?"

"அது... கதைதானே..." என்று இழுத்தேன்.

"கதையோ நெசமோ, எங்க காதுல விழுந்துட்டுல்லா? இந்த மலைக்கு ஆளு பிடிச்சுக் கூட்டியாந்த காலத்துல எத்தனையோ பேரு ஒத்தையா வந்தாவ. காய்ச்சல்ல ஒத்தையாவே போனாவ. சொந்தம்னு வந்து நிக்க ஒருத்தரும் கெடையாது. ஆனா ஒருத்தருக்கும் அழ ஆளில்லன்னு நாங்க விட்டதில்ல. அண்டை வீட்டுக்காரன் கொள்ளி வச்சான், எங்க பொம்பளைக அழுதாளுவ. இந்த லயத்துல நாதியத்த சாவுன்னு ஒண்ணு கெடையாதுய்யா."

அந்த வரியை நான் எழுதியது எப்படித் தெரியுமா? அத்தியாயம் சப்பென்று முடிகிறதே, கொஞ்சம் உருக்கமாக இருக்கட்டும் என்று காபி குடித்துக்கொண்டே சேர்த்தேன். அதைக் கேட்டுவிட்டு ஒரு மலையே தலைமுடியை அவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது!

"சரி, காரியம் முடிஞ்சுதா?" என்றேன், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

"எங்க முடிய? சோறெல்லாம் ஆக்கியாச்சு. ஒருத்தி மறிச்சுக்கிட்டு நிக்கா" என்று கங்காணி கையைக் காட்டினார்.

வாசற்படியில் இருபது, இருபத்தொன்று வயதில் ஒரு பெண் நின்றாள். கொழுந்து பறிக்கும் பேச்சி. இடுப்பில் ஒரு பெண் குழந்தை. அவள் மட்டும் முடியை அவிழ்க்கவில்லை. அழவும் இல்லை.

மைத்துனர் சுருக்கமாகச் சொன்னார். பேச்சிக்கு முதலில் பிறந்த இரண்டும் ஒரு வயதைக் காணவில்லை. இரண்டுக்கும் புருஷன் வீட்டு மூத்தவர்களின் பேர் வைத்திருந்தார்கள். மூன்றாவது பிறந்தபோது லயத்தில் என் முதல் பாகம் ஓடிக்கொண்டிருந்தது. எந்த ஆபத்திலும் சாகாத ஒருத்தி அதில் வந்தாள். பேச்சி அவள் பேரை வைத்துவிட்டாள். குழந்தை பிழைத்து, தவழ்ந்து, இப்போது சுவரைப் பிடித்து நிற்கிறது.

பெயர்? பவளவேணி!

அங்கே கிடந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

பேச்சியின் மாமியார் அழுகையை நிறுத்திவிட்டு எழுந்தாள். "கன்னி கழியாம நெருப்புல செத்தவ பேர இந்தப் புள்ளைக்குச் சொல்லிக் கூப்பிட்டா வெளங்குமா? இன்னைக்குக் காரியம் முடிஞ்ச கையோட பேர மாத்தணும். எம் மவனும் சரின்னுட்டான்."

"மாத்த விடமாட்டேன்" என்றாள் பேச்சி. "ஒங்க வீட்டுப் பேரு வச்ச ரெண்டும் தங்கலை. இந்தப் பேருலதான் இது தங்கியிருக்கு. பேர எடுத்தா எம் புள்ளையும் போயிரும்."

கங்காணி என் பக்கம் திரும்பினார். "இதுக்குத்தான் ஒங்களக் கூப்பிட்டோம். மூணாம் பாகம்னு ஒண்ணு இருக்காம்லா? அதுல அவ வருவாளா? வருவான்னா, உசிரோட இருக்கவளுக்குக் கருமாதி செய்யது பாவம். வரமாட்டான்னா, செய்யாம விடுதது பாவம். ஒங்களத் தவிர யாருக்குத் தெரியும்? இருக்காளா, போயிட்டாளா?"

அன்பர்களே, உங்களிடம் மறைப்பானேன்? அவள் போய்விட்டாள். மூன்றாம் பாகத்தில் முக்கால்வாசி எழுதியாயிற்று. அதில் கதாநாயகன் ஏழு தீவு சுற்றுவதே அவள் சாவுக்குப் பழிவாங்கத்தான். அவள் உயிரோடு வந்தால் அவனுக்கு வேலையே இல்லை. பிரஸ்காரர் வேறு கழுத்தில் துண்டைப் போட்டு முறுக்கிக்கொண்டிருக்கிறார்.

"எனக்கே இன்னும் சரியாத் தெரியல..." என்று மழுப்பினேன்.

"ஆத்தாடி! எழுதினவனுக்கே தெரியாதாம்லா!" என்று மாமியார் கையைத் தட்டினாள். கூட்டம் முணுமுணுத்தது.

பேச்சி படியிறங்கி வந்தாள். பேசாமல் குழந்தையை என் மடியில் உட்கார வைத்தாள். அது என்னை ஒரு தடவை பார்த்தது. ஜிப்பாப் பையிலிருந்த பேனாவைப் பிடுங்கி வாயில் வைத்துக்கொண்டது.

"அய்யா, நான் எழுதப் படிக்கத் தெரியாதவ" என்றாள் பேச்சி. "ஒங்க கதை எப்படிப் போனா நல்லாருக்கும்னு எனக்குச் சொல்லத் தெரியாது. இவ பேரு பவளவேணி. இவ மொகத்தப் பாத்துச் சொல்லுங்க, பவளவேணி செத்துட்டான்னு. சொல்லுங்க, நான் பேர மாத்திக்கிடுதேன்."

குழந்தை பேனாவைக் கடித்துக்கொண்டே என்னைப் பார்த்தது.

"இருக்கா" என்றேன். "மூணாம் பாகத்துல வர்றா."

எழுதி வைத்த முக்கால்வாசியும் அந்த நிமிஷம் அடுப்புக்குப் போயிற்று.

பெண்கள் மூக்கைச் சிந்திப் போட்டுவிட்டு முடியை அள்ளி முடிந்தார்கள். "இத மொதல்லயே சொல்லியிருந்தா எங்க தொண்டையாவது மிஞ்சியிருக்கும்லா?" என்று ஒருத்தி என்மேல் எரிந்து விழுந்தாள். மாமியார் அவ்வளவு லேசில் விடுகிறவளா? "நெருப்புக் கெணத்துல விழுந்தவ எப்படி வருவா? சாம்பலால்லா போயிருப்பா?" என்று மடக்கினாள். எனக்குப் பதில் தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை!

"அது அவுக பாடு. சொன்ன சொல்லு போதும்" என்று கங்காணி முடித்துவைத்தார். மாமியார் ஒரு கணம் தயங்கினாள். பிறகு என் மடியிலிருந்து குழந்தையைத் தூக்கி, "ஏட்டி பவளவேணி, மையி குடிச்சிராத" என்று பேனாவைப் பிடுங்கினாள். பேச்சி அப்போதுதான் அழுதாள். பதினாறாம் நாளுக்கு ஆக்கிய சோற்றை எல்லோரும் சிரித்துக்கொண்டே சாப்பிட்டோம்.

வாசகர் அழுதால் எழுதுகிறவனுக்கு உள்ளூரக் கொண்டாட்டம்தான். நானும் அந்த ஜாதிதான், மறுக்கவில்லை. ஆனால் யார், எதை மடியில் வைத்துக்கொண்டு கேட்கிறார்கள் என்று நமக்கு எங்கே தெரிகிறது? அதிலும் இந்த நடுப் பாகம் இருக்கிறதே, பொல்லாத இடம். முதல் பாகத்தில் தப்பு செய்தால் புதுசு என்று விட்டுவிடுவார்கள். கடைசிப் பாகத்தில் செய்தால் முடித்துவிட்டு ஓடிவிடலாம். நடுவில் செய்தால் நின்று பதில் சொல்ல வேண்டும்.

லாரி கிளம்பும்போது பேச்சி குழந்தையோடு ஓடி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. நன்றி சொல்லப் போகிறாள் என்று குனிந்தேன்.

"அய்யா, மூணாம் பாகத்துல அவளுக்கு எதுவும் ஆச்சுன்னு வைங்க... நாளைக்கு நீங்க போய்ச் சேந்தா, அழ இந்த மலையிலருந்து ஒருத்தியும் வரமாட்டோம்!"