வீட்டு உபயோகத்துக்கு இது போதும்

"கேம் ஆடுவீங்களா? வீடியோ எடிட்டிங்?" என்று கேட்டார் செஞ்சிக் கடைக்காரர். என் கணவர் இரண்டுக்கும் "இல்லை" என்று பெருமையாகச் சொன்னார்.

"அப்ப வீட்டு உபயோகத்துக்கு இது போதும் சார். பெரிய ப்ராசசர்லாம் தண்டம்."

ஆன்லைனில் கணக்குப் பாடம் எடுக்கப்போகிறேன் என்று நான் சொன்னது இருவர் காதிலும் விழவில்லை. இருப்பதிலேயே விலை குறைந்த கம்ப்யூட்டர் வீட்டுக்கு வந்தது.

அவருக்கு அது போதும்தான். காலையில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விலை பார்ப்பார். ஒரு பக்கம் திறந்தால் வேலை முடிந்தது. எனக்கு வகுப்புச் செயலி, கேமரா, எழுதும் பலகை, பாடநூல் நான்கும் ஒரே நேரத்தில் திறந்திருக்க வேண்டும். மூன்றாவதைத் திறக்கும்போதே மவுஸ் அம்பு உறைந்துவிடும். போதாததற்கு, ஒவ்வொரு முறை போட்டதும் ஏதோ அப்டேட் என்று அரை மணி நேரம் திணறும்.

அதனால் டியூஷன் நிறுவனம் என்னைச் சோதிக்க மாதிரி வகுப்பு வைத்த அன்று மதியமே அதைப் போட்டு, திணறி முடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அந்த வகுப்பில் தேறினால்தான் வேலை. மாலை ஐந்துக்கு வகுப்பு. நாங்கள் ஜைனர்கள், பொழுது சாய்ந்தபின் சாப்பிட மாட்டோம். வகுப்பை முடித்துவிட்டுச் சாப்பிடலாம் என்று சமைத்து மூடிவைத்தேன்.

ஐந்துக்குச் சற்று முன் வந்து பார்த்தால் திரை இருண்டிருந்தது.

"ஏங்க, கம்ப்யூட்டர யாரு நிறுத்துனது?"

"நான்தான். ஆளே இல்லாம ஓடினு இருந்துச்சு. கரண்டு சும்மாவா வருது?"

ஃபேனை அணைப்பதுபோல் சுவர் சுவிட்சை அணைத்திருக்கிறார்! மறுபடி போட்டேன். மறுபடி அப்டேட். நிறுவனத்திலிருந்து வகுப்பைக் கேட்கக் காத்திருந்த பெண்ணிடம் போனில் மன்னிப்புக் கேட்டபடியே உட்கார்ந்திருந்தேன். ஒருவழியாகத் தொடங்கியதும், "மேடம், வாய்ஸ் விட்டு விட்டு வருது. கேமராவ ஆஃப் பண்ணிப் பாருங்க" என்றார் அவர். முகத்தைக் காட்டாமலே பின்னங்களை நடத்தி முடித்தேன்.

"பாடம் நல்லாயிருந்துச்சு. ஆனா பசங்களுக்கு டீச்சர் முகம் தெரியணும். வேற கம்ப்யூட்டர்ல அடுத்த வாரம் இன்னொரு தடவ எடுங்க."

நான் எழுந்தபோது சூரியன் ராஜகிரி மலைக்குப் பின்னால் போயிருந்தது. என் கணவர் வேளையோடு சாப்பிட்டுக் கையும் கழுவியிருந்தார். என் பங்குச் சோறு அப்படியே இருந்தது, இனி விடிந்தபிறகுதான்.

"நான் பாக்கும்போது நல்லாதானே ஓடுது?" என்றார் மெதுவாக.

"நீங்க வெல பாக்கறதுக்கு ஓடும். அத நீங்களே வெச்சிக்குங்க."

"அப்ப உனக்கு?"

"நாளைக்கு அந்தக் கடைக்கு நானே போறேன்."

"நானும் வர்றேனே."

"வாங்க. வெளியவே நில்லுங்க."