ரோசலின் அக்காவின் கோழிகளும் என் மட்டி ஓடும்

போன மாதம் என் கோழிகளில் இரண்டு செத்துப்போயின. அதைவிட என்னால் தாங்க முடியாதது எது தெரியுமா? பக்கத்து வளவு ரோசலின் அக்காவின் கோழிகளில் ஒன்றுகூடச் சாகவில்லை!

இது நியாயமா? இரண்டு வீட்டுக்கும் குஞ்சுகள் ஒரே பெட்டியில்தான் வந்தன. நோயும் ஒரே நாளில்தான் வந்தது — மூக்கொழுகல், செருமல், வீங்கிய முகம். மிருக வைத்தியரும் வேலியோரம் நின்று இருவருக்கும் ஒரே மஞ்சள் தூளைத்தான் தந்தார். அன்டிபயோட்டிக். ஐந்து நாள் குடிதண்ணீரில் கலந்து கொடுக்க வேண்டும். அவர் விளக்கிக்கொண்டிருந்தார்... நான் அக்காவின் முட்டைக் கூடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முட்டையும் கல்லு மாதிரி! என் கோழிகள் இடுவதோ தொட்டாலே உடைந்துவிடும். வயிறு எரிந்தது.

விடுவேனா? அன்றே வாவிக் கரையில் மட்டி ஓடு பொறுக்கி, உரலில் இடித்து, தீனியில் கலந்தேன். முட்டை ஓடு கெட்டியாக நம் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான். நான் இரண்டு மடங்காகப் போட்டேன்.

மூன்றாம் நாள் அக்காவின் கோழிகள் மண்ணைக் கிளறித் திரிந்தன. என்னுடையவை தூங்கி வழிந்தன. நல்ல மருந்தை அக்காவுக்குக் கொடுத்துவிட்டு, உளுத்ததை என் தலையில் கட்டிவிட்டார் வைத்தியர் என்றே முடிவு கட்டினேன்.

அப்போதுதான் என் மனைவி எஸ்தர் வேலியடியிலிருந்து வந்தாள்.

“இஞ்ச பாருங்க, மருந்து முடியுமட்டும் மட்டி ஓடு போடக் கூடாதாம். ரோசலின் அக்கா சொல்றா.”

“அவ என்ன டொக்டரா? அவட கோழிய அவ பாக்கட்டும்!”

இன்னும் ஒரு பிடி அள்ளிப் போட்டேன். வேண்டுமென்றே.

ஐந்தாம் நாள் இரண்டு கோழிகள் போய்விட்டன. வைத்தியரிடம் ஓடினேன்.

“மட்டி ஓடு குடுத்தீங்களா?”

“ஓம்...”

“வேணாமெண்டு அண்டைக்கே சொன்னன்தானே!”

இந்த முறை காது கொடுத்துக் கேட்டேன். கிருமி பெருக வேண்டுமானால் தனக்கான புரதத்தைத் தானே செய்துகொள்ள வேண்டுமாம். இந்த மருந்து கிருமிக்குள் புகுந்து அந்த வேலையை நிறுத்திவிடும். பெருக முடியாத கிருமியைக் கோழியின் உடம்பே ஒழித்துக்கட்டும். ஆனால் மட்டி ஓட்டில் இருப்பது சுண்ணாம்பு. அது குடலிலேயே மருந்தைப் பிடித்துக்கொள்ளும். மருந்து இரத்தத்தில் சேராமல் எச்சத்தோடு போய்விடும்.

ஆக, ஐந்து நாளும் நான் மருந்து கொடுத்தது மண்ணுக்கு! ஓடு போடக் கூடாதென்று வேறு யார் சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பேன். ரோசலின் அக்கா சொன்னதால் கேட்கவில்லை. கிருமி பாதி, நான் பாதி என்று சேர்ந்துதான் அந்த இரண்டையும் கொன்றோம்.

ஓட்டை நிறுத்தி, மருந்தை மறுபடி தொடங்கினேன். மிச்சக் கோழிகள் பிழைத்தன.

அதற்குப் பிறகு ஒரு நாள் ரோசலின் அக்கா இரண்டு பெட்டைக் கோழிகளோடு வந்து நின்றார்.

“செத்ததுக்குப் பதிலா இதுகள வெச்சிக்கங்க தம்பி.”

வெட்கத்தில் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வாங்கிக்கொண்டேன்.

இப்போது என் கூட்டில் ஒரு நாள்கூடத் தவறாமல் முட்டையிடுபவை அந்த இரண்டும்தான். அவற்றைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது!